சிலோன் காணிக்கு எந்தச் சட்டம்? ரோமன் டச்சு, கண்டியச் சட்டம், தேசவழமை: மலையகத்தார் எதில் வருகிறார்கள்?

கோத்தகிரி மேடு கேட்டது:

தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்து கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் குடியேறிய குடும்பங்களில் சிலவற்றுக்கு அட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கம் கொஞ்சம் காணி இன்னும் பெரியவர்கள் பெயரிலேயே கிடக்கிறது. தோட்டக் காணி இல்லை. டவுனை ஒட்டி விலை கொடுத்து வாங்கிய பத்து, இருபது பேர்ச் (அங்கத்திய நில அளவு).

இதில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தமிழர் என்றால் தேசவழமை என்கிறார் ஒருவர். அட்டன் கண்டி ராஜ்யத்தில் இருந்த ஊர், அதனால் கண்டியச் சட்டம் என்கிறார் இன்னொருவர். இங்கே இறந்தவருக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 போதும் என்பது மூன்றாமவர் வாதம். அங்கே எல்லாம் டச்சுக்காரன் சட்டம்தான் என்றும் சொல்கிறார்கள்.

எது சரி? ஒரே தீவில் இத்தனை சட்டம் எப்படி வந்து சேர்ந்தது? கணக்குக்கு ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம்: உயில் எழுதாமல் கோத்தகிரியில் ஒருவர் இறக்கிறார். மனைவி, மூன்று பிள்ளைகள், வயதான தாய் இருக்கிறார்கள்.

---

தோம்பு எழுதியது:

வரலாற்றை நான் எடுத்துக்கொள்கிறேன், பங்குக் கணக்கை வக்கீல்கள் யாராவது சொல்லட்டும்.

இலங்கையில் எல்லோருக்கும் அடியில் பொதுச் சட்டம் ஒன்று ஓடுகிறது. சொத்து, திருமணம், வாரிசு ஆகியவற்றில் மட்டும் சில கூட்டத்தாருக்குத் தனிச் சட்டம்: யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமை, கண்டியச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டம், முஸ்லிம்களுக்கு முஸ்லிம் சட்டம். இந்த மூன்றிலும் அடங்காதவர், அவர் கொழும்புச் சிங்களவரானாலும் மட்டக்களப்புத் தமிழரானாலும் மலையகத் தமிழரானாலும், பொதுச் சட்டத்துக்குள்தான்.

அந்தப் பொதுச் சட்டத்தின் அடிப்படை ரோமன் டச்சு சட்டம். போர்த்துக்கீசர் காணிப் பதிவேடுகளை, அதாவது தோம்புகளை, விட்டுப்போனார்களே தவிர சட்டமாகப் பெரிதாக எதையும் விட்டுப்போகவில்லை. டச்சுக் கம்பெனி 1656-ல் கொழும்பையும் 1658-ல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தது. கொழும்பு, காலி, யாழ்ப்பாணம் மூன்று இடத்திலும் பெரிய நீதிமன்றம் வைத்தார்கள். காணி வழக்குகளுக்கு லாண்ட்ராட் என்று தனி மன்றம். ஒல்லாந்து (ஹாலந்து) மாகாணத்தின் சட்டமும் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) தொகுத்த கட்டளைகளும் அங்கே நடந்தன. உள்ளூர் வழக்கம் தெளிவாகத் தெரிந்த இடத்தில் அதையே ஏற்றுக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்து வழக்கங்களை ஆளுநர் சிமோன்ஸ் காலத்தில், 1706–07-ல், திசாவை (மாவட்ட அதிகாரி) கிளாஸ் ஐசாக்ஸ் எழுதித் தொகுத்தார். அதைத் தமிழில் பெயர்த்து பன்னிரண்டு முதலியார்களிடம் காட்டி ஒப்புதலும் வாங்கினார்கள். தேசவழமை ஏட்டில் ஏறியது இப்படித்தான். ஆங்கிலேயர் 1806-ல் 18-ஆம் எண் ஒழுங்குவிதியால் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள்.

1796-ல் டச்சுக்காரர் போனார்கள், சட்டம் மட்டும் நின்றுவிட்டது. ஜெயித்துப் பிடித்த நாட்டில் அரசன் மாற்றும் வரை பழைய சட்டமே தொடரும் என்பது ஆங்கிலேயர் கொள்கை. அதன்படி 1799 செப்டம்பர் 23 அன்று ஆளுநர் பிரெடெரிக் நோர்த், டச்சு ஆட்சியில் இருந்த சட்டங்களே நீதிமன்றங்களில் தொடரும் என்று பிரகடனம் செய்தார். வேடிக்கை என்னவென்றால், ஒல்லாந்திலேயே 1809-ல் நெப்போலியன் வழிச் சட்டத்தொகுப்பு வந்து இந்தச் சட்டம் வழக்கொழிந்தது. தாய்வீட்டில் செத்த சட்டம் தென்னாப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இன்றைக்கும் நடக்கிறது.

இனி அட்டனுக்கு வருவோம். தேயிலை மலைகள் எல்லாம் கண்டி ராஜ்யம். டச்சுக்காரன் அங்கே நிலையாக ஆண்டதே இல்லை. ஆனாலும் அங்கே டச்சுக்காரன் சட்டம் நடக்கிறது.

1815 மார்ச் 2 கண்டி ஒப்பந்தத்தில் கண்டியச் சட்டம் காப்பாற்றப்படும் என்று ஆங்கிலேயர் எழுதிக் கொடுத்தார்கள். 1833-ல் கோல்புரூக்–கேமரன் சீர்திருத்தத்தோடு தீவு முழுவதும் ஒரே நிர்வாகம், ஒரே நீதிமன்ற அமைப்பு என்றாயிற்று. 1852-ன் 5-ஆம் எண் கட்டளைச் சட்டம், கண்டியச் சட்டம் வாய் திறக்காத விஷயத்தில் கரையோர மாகாணச் சட்டத்தைப் பார்த்துக்கொள் என்றது. டச்சுச் சட்டம் மலைநாட்டுக்குள் ஏறி வந்தது இந்த ஓட்டை வழியாகத்தான். காப்பித் தோட்டத்துக்கு ஐரோப்பியரும் தமிழ்நாட்டுக் கூலிகளும் வந்து நிறைந்தபோது, இவர்களுக்கும் கண்டியச் சட்டமா என்று நீதிமன்றங்களே கொஞ்ச காலம் தடுமாறின. 1886-ல் வில்லியம்ஸ் எதிர் ராபர்ட்சன் வழக்கு, அது கண்டியச் சிங்களவருக்கு மட்டும் என்று முடித்துவைத்தது.

தேசவழமை ஏன் இல்லை? அது யாழ்ப்பாண மாகாணத்துக் குடிகளுக்கானது, தமிழ் பேசும் எல்லோருக்குமானது இல்லை. 1913-ல் ஸ்பென்சர் எதிர் ராஜரத்தினம் தீர்ப்பு இதைத் தெளிவாக்கியது: அது ஒரு ஊரின் வழக்கம், இனத்தின் வழக்கமோ மதத்தின் வழக்கமோ அல்ல. ஆக, உங்கள் ஊரில் முதல் இருவர் சொல்வதும் தவறு.

---

ஊட்டி கோர்ட் ரோடு எழுதியது:

தோம்பு ஐயா சொன்னதன் மேலே கணக்கு.

அசையாச் சொத்துக்கு அது கிடக்கும் நாட்டின் சட்டம். இந்தியாவும் இலங்கையும் இதில் ஒன்று. அசையும் சொத்துக்கு, இறந்தவர் நிரந்தரமாக எந்த நாட்டை வசிப்பிடமாகக் கொண்டாரோ அந்த நாட்டின் சட்டம். எனவே ஒரே மனிதரின் சொத்து இரண்டாகப் பிரிந்து இரண்டு கணக்கில் போகும்.

இங்கே இருக்கும் வீடு, வங்கிப் பணம், கொழும்பு வங்கியில் கிடக்கும் வைப்புத் தொகை எல்லாவற்றுக்கும் 1956 சட்டம் (வீடு அவர் சுய சம்பாத்தியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்). மனைவி, மூன்று பிள்ளைகள், தாய் ஆகிய ஐவரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்கு ஐந்தில் ஒன்று.

அட்டன் காணிக்கு 1876-ன் 15-ஆம் எண் திருமண உரிமை மற்றும் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம். உயிரோடிருக்கும் கணவனுக்கோ மனைவிக்கோ பாதி. மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் வேறுபாடு கிடையாது. அப்படியானால் மனைவிக்கு 1/2, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 1/6, தாய்க்கு ஒன்றுமில்லை. பிள்ளைகள் இருக்கும்போது பெற்றோர் உள்ளே வர முடியாது. 18 பேர்ச் காணியென்றால் மனைவிக்கு 9, பிள்ளைக்கு 3.

இங்கே தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் ஐந்து பெயர் இருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய், ஐந்து பேரும் சமபங்காளிகள் என்று அங்கே உறுதி (காணிப் பத்திரம்) எழுதினால் அந்த உறுதியில் பிழை ஏறிவிடும். தாய்க்கு இல்லாத பங்கை அவர் பெயரில் விற்றதாக ஆகும்; மனைவியின் பங்கில் ஒரு பகுதி மாற்றப்படாமலே நிற்கும். அடுத்து வாங்குபவரின் சட்டத்தரணி முப்பது வருட உறுதிகளைப் புரட்டும்போது இது மாட்டிக்கொள்ளும்.

அந்த 1876 சட்டமே கண்டியர், முஸ்லிம்கள், தேசவழமைக்கு உட்பட்ட வடமாகாணத் தமிழர் ஆகியோரை விலக்கிவிட்டுத்தான் தொடங்குகிறது. இரண்டு விதிவிலக்குகளை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மலையகப் பெண் யாழ்ப்பாணத்துக்காரரைக் கட்டியிருந்தால், மணவாழ்க்கை நீடிக்கும் வரை அவருக்கும் தேசவழமை. கணவர் எழுத்தில் சம்மதம் தராமல் அசையாச் சொத்தை விற்க முடியாது.

மற்றது பெர்மிட் காணி. 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் அரசு கொடுத்த துண்டாக இருந்தால் மேலே சொன்ன பாதிக் கணக்கு எதுவும் செல்லாது. கணவனோ மனைவியோ உயிரோடிருந்தால் முதலில் அவருக்கு; அவருக்குப் பின், பின்னுரிமையாளர் என்று யார் பெயரை நியமித்தார்களோ அவருக்கு. நியமிக்காவிட்டால் அந்தச் சட்டத்தின் அட்டவணைப்படி. ஆண் பிள்ளைக்கு முன்னுரிமை தந்த அந்த வரிசையை 2022 திருத்தம்தான் மாற்றியது. இறப்பு எப்போது நடந்தது என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும்.

---

ஒல்லாந்தர் கோட்டை எழுதியது:

எல்லாமே ரோமன் டச்சு என்ற தொனி இந்த இழையில் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. உண்மையில் அந்த அடித்தளத்தின் மேல் ஆங்கிலேயர் அடுக்கியதுதான் அதிகம். அதில் பாதி சரக்கு இந்தியாவில் செய்தது.

1883 தண்டனைச் சட்டக்கோவை, நம் 1860 இந்திய தண்டனைச் சட்டத்தின் வழி வந்தது. எண்தான் கொஞ்சம் வேறு: 2024 வரை கொலைக்கு இங்கே 302, அங்கே 296, ஏமாற்றிப் பொருள் பறித்தால் இங்கே 420, அங்கே 403. 1895 சாட்சியக் கட்டளைச் சட்டம் நம் 1872 சாட்சியச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. 1917 நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்துக்கு மாதிரி நம் 1882 டிரஸ்ட் சட்டம். 2024 ஜூலை 1 முதல் இந்தியா தண்டனைச் சட்டத்தையும் சாட்சியச் சட்டத்தையும் மாற்றிவிட்டது, இலங்கை விடவில்லை. 1860 தண்டனைச் சட்டத்தை வரைந்த மெக்காலேயின் வாசகங்கள் பல இந்தியாவின் புதுச் சட்டத்திலும் தொடர்ந்தாலும், அந்தப் பழைய கோவை வழி இனி ஓடுவது நுவரெலியாவில்தான், ஊட்டியில் இல்லை.

ஓட்டை விழுந்தால் எதை வைத்து அடைப்பது என்பதில்தான் இந்தக் கலப்பின் சூட்சுமம் இருக்கிறது. இலங்கையில் அது துறைக்குத் துறை வேறு. சாட்சியத்தில் விடை இல்லையென்றால் 100-ஆம் பிரிவு ஆங்கிலச் சாட்சியச் சட்டத்துக்கு அனுப்பும். டிரஸ்டில் விடை இல்லையென்றால் 2-ஆம் பிரிவு ஆங்கில ஈக்விட்டிக்கு (நியாய நெறிச் சட்டத்துக்கு) அனுப்பும். வங்கி, காப்பீடு, கூட்டு வணிகம், கம்பெனி ஆகியவற்றுக்கு 1866-லேயே ஆங்கிலச் சட்டம் என்று எழுதியாயிற்று. ஒப்பந்தம், நட்டஈடு, காணி உரிமை ஆகியவற்றில் எழுத்துச் சட்டம் நின்றுபோகும் இடத்தில்தான் குரோஷியஸ், வூட் போன்ற 17-ஆம் நூற்றாண்டு ஒல்லாந்துப் பண்டிதர்களைப் புரட்டுவார்கள். சென்னை மாகாணத்தில் இப்படி ஓட்டை விழுந்தபோது ‘நீதி, நியாயம், நல்மனசாட்சி’ என்ற பெயரில் ஆங்கிலச் சட்டமே வந்து அடைத்தது. அதனால்தான் இங்கே இன்னொரு ஐரோப்பியச் சட்டத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று.

இதில் வழக்கையே புரட்டும் வேறுபாடுகள் உண்டு. இந்தியாவில் கைமாறு (பதிலுக்குத் தரும் ஒன்று) இல்லாத வாக்குறுதி பொதுவாகச் செல்லாது. இலங்கையில் நியாயமான காரணம் இருந்தால் போதும், கைமாறு வேண்டியதில்லை. 1918-ல் ஜயவிக்ரம எதிர் அமரசூரிய வழக்கில், அப்போது கடைசி மேல்முறையீடு போன லண்டன் பிரிவி கவுன்சில் இதை உறுதிப்படுத்தியது. குடும்பக் கடப்பாட்டுக்காக ஒருவர் எழுதிக் கொடுத்த தொகை அங்கே வசூலாகும். காணியை அதன் உண்மை மதிப்பில் பாதிக்கும் கீழே விற்றுவிட்டால், டச்சுச் சட்டத்தின் ‘பாரிய நட்டம்’ என்ற விதியைக் காட்டி விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். நம் ஊரில் அடிமாட்டு விலை என்ற ஒரே காரணத்துக்காக எந்தக் கோர்ட்டும் பத்திரத்தை ரத்து செய்யாது.

மூன்று அடுக்கும் ஒன்றாகச் சிக்கும் இடம் கடன் உறுதி. அவசரத்துக்குப் பணம் வாங்குபவர் அடமானம் எழுதாமல் முழு விற்பனை உறுதியே எழுதிக் கொடுப்பார், பணத்தைத் திருப்பினால் காணி திரும்பும் என்று வாய்ப்பேச்சு. விற்பனை டச்சுச் சட்டப்படி பூரணம். 1840-ன் 7-ஆம் எண் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு (நோட்டரி) முன்னிலையில், இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் இருக்க எழுதாத காணிப் பேச்சு செல்லாது. ஆக வாய்ப்பேச்சு போயிற்று. கடன் வாங்கியவரைக் காப்பாற்றுவது மூன்றாவது அடுக்கு: டிரஸ்ட் சட்டம் 83-ஆம் பிரிவு. பயனுரிமையைக் கைவிடும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை என்று சூழ்நிலைகள் காட்டினால், வாங்கியவர் அவருக்காக வைத்திருப்பவர் மட்டுமே. உறுதி எழுதிய பிறகும் விற்றவரே குடியிருந்தது, வரி கட்டியது, விலை மிகக் குறைவாக இருந்தது ஆகியவைதான் அந்தச் சூழ்நிலைகள். கப்பலேறும் அவசரத்தில் எழுதிய உறுதிகள் ஏதும் உங்கள் பட்டியலில் இருந்தால் இந்தப் பிரிவை மறக்க வேண்டாம். ஆனால் காணியையும் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறியவருக்கு இந்த வாதம் பலவீனம்தான்.

---

கோத்தகிரி மேடு:

நன்றி. கூடுதலாக ஒன்று. சில இடங்களில் வராமல் நின்றுவிட்ட சகோதரர் ஐம்பது வருடமாக முழுக் காணியையும் ஆண்டுகொண்டிருக்கிறார். இங்கே வந்தவர்களின் பங்கு போய்விட்டதா?

---

ஊட்டி கோர்ட் ரோடு:

1871-ன் 22-ஆம் எண் காலாவதிக் கட்டளைச் சட்டம். வெளியாள் ஒருவர் பத்து வருடம் தடையில்லாமல், எதிர் உரிமை பாராட்டி ஆண்டால் காணி அவருக்கு. சகோதரர் வெளியாள் இல்லை, கூட்டுப் பங்காளி. ஒரு பங்காளியின் ஆட்சி எல்லாப் பங்காளிகளின் ஆட்சி. மற்றவர்களை வெளிப்படையாக விலக்கிய செயல் ஒன்றை அவர் காட்டியாக வேண்டும். 1911-ல் கொரியா எதிர் அப்புஹாமி வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்னது, இன்றும் அதுதான் விதி. ஆனால் மிக நீண்ட காலம் தனியாக ஆண்டு, வருமானத்தைத் தானே எடுத்து, சொந்தக்காரர் போலக் கட்டடமும் எழுப்பியிருந்தால், அப்படி ஒரு விலக்கல் எப்போதோ நடந்திருக்கும் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். 1918 திலகரத்ன எதிர் பஸ்தியான் அந்தப் பக்கத்துக்கு உதவும். ஐம்பது வருடம் என்றால் அந்த ஊக ஆபத்து உண்மையானது.

அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு கடல்கடந்து இருப்பவருக்குச் சலுகை தருகிறது: உரிமை எழும் நேரத்தில் அவர் தீவில் இல்லையென்றால் காலக்கணக்கு அவருக்கு எதிராக ஓடாது. இதில் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். எதிர் ஆட்சி தொடங்கும்போது இவர் அங்கேயே இருந்து, பிறகு கப்பலேறியிருந்தால் சலுகை இல்லை. ஓடத் தொடங்கிய கடிகாரம் நிற்காது. முப்பது வருடம் எதிர் ஆட்சி முடிந்துவிட்டால் எந்தச் சலுகையும் செல்லாது.

சகோதரர் எழுதிய பழைய கடிதங்களைத் தேடச் சொல்லுங்கள். ‘உங்கள் பங்கு அப்படியே இருக்கிறது’ என்ற ஒரு வரி போதும், அவர் பாராட்டும் எதிர் உரிமை உடையும்.

---

கூடலூர்_ஜன்மம்:

இலங்கைக் கதையைப் படித்து அதிசயப்பட வேண்டாம். கூடலூரில் நாமும் இப்படி ஒரு கலப்பில்தான் இருக்கிறோம். மலபார் வயநாட்டிலிருந்து 1877-ல் நீலகிரியில் சேர்ந்த பகுதி. ஊட்டியில் ரயத்துவாரி (நிலம் வைத்திருப்பவர் நேரே அரசுக்கு வரி கட்டும் முறை), இங்கே நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்மம் (பரம்பரை ஜமீன் போன்ற உடைமை). ஜன்மத்தை ஒழிக்க 1969-ல் தனிச் சட்டம், அமலுக்கு வந்தது 1974-ல். நடுவில் காட்டுநிலப் பகுதியை உச்ச நீதிமன்றம் 1972-ல் செல்லாதென்றது. நீதிமன்றம் கை வைக்காமல் காக்க, நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் ஏற்றியது. அதை எதிர்த்த கோயலோ வழக்கு ஒன்பது நீதிபதிகள் அமர்வு வரை போய், 2007-ல் அரசியல் சட்டப் பாடமாகவே ஆகிவிட்டது. தாயகம் திரும்பியவர்களில் எத்தனையோ பேர் பட்டா இல்லாமல் நிற்பது இதே சட்டத்தின் 17-ஆம் பிரிவில் (தோட்டக் குத்தகை பற்றியது) வரும் நிலத்தில்தான். அதற்குத் தனி இழை போடலாம்.

---

தோம்பு:

போடுங்கள், அங்கே வருகிறேன். கோத்தகிரி நண்பருக்குக் கடைசியாகக் காகித வேலை.

உறுதி தொலைந்திருந்தால் பயப்பட வேண்டாம். நொத்தாரிசு ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் பிரதியையும் காணிப் பதிவகத்துக்கு மாதாமாதம் அனுப்பியாக வேண்டும். உறுதி எண், தேதி, நொத்தாரிசு பெயர் மூன்றும் தெரிந்தால் சான்றுப் பிரதி கிடைக்கும். எதுவுமே தெரியவில்லையென்றால் பக்கத்துக் காணிக்காரரின் உறுதியில் எல்லை விவரத்தைப் பாருங்கள், உங்கள் பெரியவர் பெயர் அங்கே எல்லையாக வரும். அதிலிருந்து பதிவேட்டுப் பக்கத்தைப் பிடிக்கலாம். அந்தப் பக்கத்தில் அதற்குப் பின் யாராவது உறுதி பதிந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பதியாத உறுதி, பணம் கொடுத்து வாங்கிப் பின்னால் பதிந்த உறுதிக்கு முன் தோற்கும்.

அடுத்தது திருமணச் சான்று. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) தாலி கட்டி, பதியாமல் வாழ்ந்தவர்கள் ஏராளம். பதிவு இல்லாததால் மட்டும் திருமணம் இல்லையென்று ஆகிவிடாது. சடங்கு நடந்ததையோ, ஊரறியக் கணவன் மனைவியாக வாழ்ந்ததையோ காட்டினால் நீதிமன்றம் ஏற்கும். நிரூபிக்க முடியாவிட்டால் நட்டம் பெரிது. மனைவியின் பாதியும் போகும், பிள்ளைகளுக்கும் தந்தை வழியில் ஒன்றும் வராது, தாய் சொத்து மட்டும்தான் வரும். புறப்படும்போது கொடுத்த குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, தோட்டத்துப் பதிவேடு ஆகியவற்றில் கணவர் பெயரும் மனைவி பெயரும் சேர்ந்து வரும் இடத்தையெல்லாம் எடுத்து வையுங்கள். அங்கே ‘முத்தையா’, இங்கே ‘மு. முத்துசாமி’ என்று இருந்தால், இருவரும் ஒருவரே என்ற சத்தியக் கடதாசி (அஃபிடவிட்) முன்கூட்டியே வேண்டும்.

2014-ன் 38-ஆம் எண் சட்டம் வெளிநாட்டவர் காணி வாங்குவதைத்தான் தடுக்கிறது. நெருங்கிய உறவினர் வாரிசாகப் பெறுவதை அது தடுக்கவில்லை.

நேரில் போக முடியாதவர்கள் அற்றோர்னித் தத்துவம் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதி, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் அத்தாட்சி வாங்கி, அங்கே பதிவு செய்ய வேண்டும். ‘என் காணி சம்பந்தமான எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள’ என்று பொதுவாக எழுதினால் விற்கவோ பங்கு பிரிப்பு வழக்குப் போடவோ அது போதாது. ஒவ்வொரு அதிகாரத்தையும் தனித்தனியாக, காணியின் எல்லைகளோடு எழுதச் சொல்லுங்கள்.